நடுவில் வந்தால் யாருடையது

கல்யாணப் பந்தியில் ஒரே ஒரு இலை காலியாக இருந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டிருக்கிற நாலைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, நீங்க உக்காருங்க, அட நீங்க உக்காருங்க, நாங்க அடுத்த பந்தில பாத்துக்கறோம் என்று உபசாரம் பண்ணிக்கொண்டே இருப்பார்கள். இலையில் வைத்த கேசரி ஆறிப் போகும். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு அந்த இலையைத் தாண்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார். ஷெட்டக்கா அந்த இடத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. "அது என்னுதுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த கையோடு ரசத்துக்குப் பள்ளமும் பறித்துவிடுவார்.

அதே பந்தியில் யாராவது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு, மேஜை முழுக்க ஓடுகிற தண்ணீரை எல்லோரும் அவரவர் புடவையைக் காப்பாற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்போது, "அதும் என்னுதுங்க" என்று எழுந்து துடைப்பவரும் அவர்தான். தட்டிவிட்டது அவராக இருக்காது. இந்த இரண்டாவதை ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்க்காரி, பறக்கிறவள் என்று பேர் வைத்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் லாரிக்கு பாடி கட்டிய தகர ஷெட் ஒன்று இருந்தது. பட்டறை மூடின பிறகு அதில் பழைய டயர்தான் கிடந்தது. அதைக் காலி பண்ணி, சிமெண்ட் தரை போட்டு, பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளைக் கோடு இழுத்து, ஷட்டில் ஆடுகிற இடமாக மாற்றியவர் அவர். அதனால்தான் ஷெட்டக்கா. வீட்டுக்காரர் போர் வண்டியோடு வடக்கே எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது மட்டும் ஊருக்கு வருவார். அக்கா பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடினவர். அந்த ஆட்டத்தின் முரட்டுத்தனம் மணிக்கட்டை விட்டுப் போகவே இல்லை.

ஷெட்டின் இரண்டு பக்கமும் திறப்பு. காற்று வராமலிருக்கக் கோழிப் பண்ணையில் கட்டுகிற படுதாவை வாங்கித் தொங்கவிட்டிருந்தார். அப்படியும் முட்டை லாரி ஒன்று வேகமாகப் போனால் படுதா உப்பும். அந்தரத்தில் வந்துகொண்டிருந்த காக், அதாவது இறகுப் பந்து, ஒரு முழம் தள்ளிப் போய் விழும். ஆடுகிற பிள்ளைகள் சண்டைக்கு நிற்பார்கள். "அது லாரிக்காரன் பாயிண்ட்டு சாமி, உட்டுட்டு மறுக்காப் போடு" என்பார் அக்கா. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லித் தந்த முதல் விதி இதுதான் என்று நினைக்கிறேன்.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசை, ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். அக்கா அதைத் தடுக்க மாட்டார். ஆனால் ஒற்றைக்கு ஒற்றை ஆட விடமாட்டார். நாலு நாலு பேராகத்தான் கோர்ட்டுக்குள் இறக்குவார். இடம் கம்மி, பிள்ளைகள் அதிகம் என்பது ஒரு காரணம். தனியாக ஆடினால் தப்பு செய்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், இரண்டு பேராக ஆடும்போதுதான் மனுஷனுக்குக் கள்ளத்தனம் வரும், அதை இந்த வயசிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

அவருடைய பாடம் ரொம்பச் சின்னது. சர்வீஸை வலைக்கு மேல் ஒட்டினாற்போலத் தாழ்வாகப் போடு, தூக்கிப் போட்டால் அடி வாங்குவது பின்னால் நிற்கிறவன். முன்னால் நிற்கிறவன் பேட்டை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கிற மாதிரி தொங்கவிடக் கூடாது. பின்னால் இருக்கிறவன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் காக் கண்ணில் விழும். எதிராளிக்கு அடிக்கத் தெரியாவிட்டால் மூலைக்கு அடி, நன்றாகத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் அடி. தப்பு விட்டதும் ஸாரி சொல்லாதே, ஸாரி சொல்கிற நேரத்தில் அடுத்த காக் வந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் கோர்ட்டுக்குள் வந்து, பிள்ளைகளைத் தோளைப் பிடித்து நிறுத்தி வைத்துச் சொல்வார்.

"அடிக்கறப்போ ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால. அடி வாங்கறப்போ பக்கத்துல பக்கத்துல நிக்கோணும். நின்னா மட்டும் பத்தாது. நடுவுல வந்தா யாருதுன்னு கூவிச் சொல்லோணும். என்னுதுன்னா என்னுது, உன்னுதுன்னா உன்னுது. வாய மூடிட்டு நின்னீங்கன்னா அது தரைக்குப் போயிரும் சாமி."

இவ்வளவுதான். இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அந்த ஷெட்டில் போடுகிற கூச்சல் ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். ஏதோ பங்காளிச் சண்டை என்று ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்ததும் உண்டு.

நாங்கள் அங்கே போனது டாக்டர் சொல்லி. என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, வியர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பொம்பளை தனியாகப் போக வேண்டாம், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார். தங்கச்சி என்றால் நான். எனக்கு வியர்க்க வேண்டிய அவசியம் ஒன்றும் அப்போது இல்லை. பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து கல்யாணம் ஆகி வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மூத்தவர் வா என்றால் வர வேண்டும். வந்தேன். ஒரே ஸ்கூட்டியில் போய், ஒரே ஸ்கூட்டியில் வந்தோம். வழியில் பேசிக்கொள்ள மாட்டோம். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமில்லை.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே வாசல், இரண்டு வீடு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம். நடுவில் பழைய வீட்டில் மிச்சம் வைத்த ஓர் ஓட்டு அறை. அதில் மாமனார். மாமியார் போன பிறகு மாமனாருக்குச் சாப்பாடு ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. அமாவாசைக்கு அமாவாசை முறை மாறும். எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. மாதம் முழுக்க அவரவர் முறையில் நேரத்துக்குச் சோறு போய்விடும், சர்க்கரை மாத்திரை போய்விடும்.

சிக்கல் அமாவாசை அன்றுதான். முறையை விடுகிற வீட்டின் கணக்கில் அன்றைக்குப் புது முறையின் முதல் நாள். வாங்குகிற வீட்டின் கணக்கில் அது பழைய முறையின் கடைசி நாள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. படையல் நாள் என்பதால் இரண்டு வீட்டிலும் வடை பாயசத்தோடு சமைத்திருப்போம். ஒரு தட்டுச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிற குடும்பமும் இல்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுவோம். ஆனால் கூப்பிட்டால் மூத்தவர் முறையில் நான் தலையிட்டதாக ஆகுமோ என்று எனக்கு ஒரு தயக்கம். கூப்பிட்டால் சின்னவளுக்குப் பொறுப்பில்லை என்று குத்திக் காட்டுகிறதாக ஆகுமோ என்று அவருக்கும் இருந்திருக்கும். மாமனாரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "சாப்ட்டீங்களா மாமா" என்று எப்போது கேட்டாலும் அவர் "ஆச்சு சாமி" என்பார். ஒரு மருமகளிடம் இல்லை என்று சொன்னால் இன்னொரு மருமகளுக்குக் கெட்ட பேர் வரும் என்பது அவர் எண்ணம்.

இந்த லட்சணத்தில் நாங்கள் ஜோடியாக ஆடக் கற்றுக்கொண்டோம்.

என் ஓரகத்தி இடதுகைக்காரர். சின்ன வயதில் அடித்துத் திருத்தி, சாப்பிடவும் எழுதவும் வலதுகைக்கு மாற்றியிருந்தார்கள். பேட்டைக் கையில் கொடுத்ததும் அது தானாக இடதுகைக்குப் போய்விட்டது. ஷெட்டக்கா அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் இடுப்பில் கையை வைத்துச் சிரித்தார். இடதும் வலதும் சேர்ந்தால் நல்ல ஜோடி, எதிராளிக்குத் தலை சுற்றும் என்றார். ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்பதையும் சொன்னார். மற்ற ஜோடிகளில் நடுவில் வருகிற காக் யாருக்கு முன்கை வாட்டமோ அவர் எடுப்பார். எங்கள் விஷயத்தில் ஒரு விதமாக நின்றால் நடுவில் இரண்டு பேருக்குமே முன்கை. இடம் மாறி நின்றால் இரண்டு பேருக்குமே புறங்கை. ஆக எப்படி நின்றாலும் விதி எங்களுக்கு உதவாது. வாயைத் திறந்து கூவினால்தான் உண்டு.

கூவ வேண்டியவர்கள் யார் என்று பாருங்கள். நடுவில் ஒரு காக் வரும். நான் மூத்தவரைப் பார்ப்பேன். அவர் பெருந்தன்மையாக என்னைப் பார்ப்பார். "நீங்க எடுங்கக்கா" என்று நானும், "நீ எடு அம்மிணி" என்று அவரும் சொல்லி முடிப்பதற்குள் அது எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். மற்றதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. சர்வீஸ் வந்தது. முன்னே பின்னே நகர வந்தது. ஓரகத்தியின் இடதுகை அடி சுவரைத் துளைக்கிற மாதிரி போகும். நடுவில் வருவது மட்டும் கடைசி வரைக்கும் எங்களுக்கு எமன்.

ஷெட்டக்காவின் குணம் கோர்ட்டோடு நின்றதில்லை என்று முதலிலேயே சொன்னேன். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அந்த ஷெட்டை முட்டை அட்டை அடுக்கும் குடோனாக்க வேண்டும் என்று அவர் வீட்டுக்காரரின் பங்காளிகள் ஒரு முறை கூடினார்கள். கூடி முடிவெடுத்துவிட்டு, மரியாதைக்கு, ஏம்மா நீ என்ன சொல்றே என்று இவரைக் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் மருமகள்கள் சொல்கிற பதில் ஒன்றுதான். பெரியவங்க பாத்துச் செய்யுங்க. அதைச் சொன்னால் நல்ல பெண் என்று பேர் கிடைக்கும், சொத்து போய்விடும். அக்கா, "ஷெட்டு என்னுதுங்க மாமா. கெணத்துத் தண்ணி உங்களுது. வண்டித் தடம் ரெண்டு பேருதும்" என்றார். சொன்னது அத்தனையும் பத்திரப்படி சரி. அடுத்து வந்த கெடா வெட்டுக்கு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதற்கடுத்த சீருக்கும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்காதா என்று நான் கேட்டபோது, இருக்குமே என்றார். வருத்தம் யாருடையது என்று கேட்கத் தோன்றியது எனக்கு.

ஆனால் ஒன்று. அடுத்தவர் கோர்ட்டில் வருகிற காக்குக்கு அவர் ஒரு நாளும் கூவ மாட்டார். பிள்ளைகள் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கும்போது அம்மா அப்பாக்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எடு எடு என்று கத்துவார்கள். அவர்களை நாற்காலியோடு படுதாவுக்கு வெளியே அனுப்பிவிடுவார். வெளியிலிருந்து கூவினால் உள்ளே நிற்கிறவனுக்கு வாய் வராது என்பது அவர் கட்சி.

ஓர் அமாவாசைக்கு மறுநாள் நாங்கள் ஆடப் போனோம். வலை கட்டிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்க்காமலே, உங்க மாமனார் நேத்துச் சாயந்தரம் இங்க வந்தாருங்க என்றார். நடந்து வந்திருக்கிறார். அந்த வெயிலில் அவ்வளவு தூரம். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பன்னைக் கொடுத்து டீயும் கொடுத்தாராம். மாமனார் பன்னை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு, டீயை ஊதாமல் குடித்தாராம்.

நான் சொன்னேன், நேற்று ஓரகத்தி வீட்டு முறை என்று. ஓரகத்தி சிரித்த முகத்தோடு, அமாவாசை வந்தா முறை மாறிருமுல்ல அம்மிணி என்றார். நாங்கள் இரண்டு பேரும் மரியாதை குறையாமல்தான் பேசினோம். ஷெட்டக்கா வலையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அப்ப நடுவுல உழுந்துருச்சு," என்றார். அன்றைக்கு முழுக்க எங்களுக்கு நடுவில் மட்டுமே காக் அடித்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கிற வரைக்கும் அடித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தில் இவளுக்கு என்ன என்று தோன்றியது. அந்தக் கோபத்தில்தான் ஒரு காக்குக்கு நான் கூவாமலே பாய்ந்தேன். ஓரகத்தியும் பாய்ந்தார். பேட்டும் பேட்டும் மோதி என்னுடைய பேட்டின் வளையம் விரிந்துவிட்டது.

ஓரகத்தி பதறிப் போய் என் கையைப் பிடித்துப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஷெட்டக்கா கை தட்டினார். ஓடிப் போய்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். "மோதுனா ஒரு பேட்டுத்தான் போகும்ங்க. சும்மா நின்னீங்கன்னா பாயிண்ட்டே போயிரும். பேட்டு வேற வாங்கிக்கலாம்" என்றார். விரிந்த பேட்டை ஒரு ஆணி அடித்துச் சுவரில் மாட்டியும் வைத்தார், பள்ளிக்கூடங்களில் கோப்பை மாட்டுகிற மாதிரி.

மோதியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ராசிபுரத்தில் புதிதாக ஆடுகிற பெண்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். தன்னுடைய ஆம்னி வண்டியில் அக்காவே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நன்றாகவே ஆடினோம். கடைசியில், வெற்றிக்குப் பக்கத்தில் வந்த பிறகு, எதிரே இருந்த ஒரு சின்னப் பெண் நிதானமாக நடுவில் ஒன்றைத் தூக்கிப் போட்டாள். நாங்கள் இருவரும் பேட்டைத் தூக்கினோம், இருவரும் தணித்தோம். கூட்டம் சிரித்துவிட்டது. அதோடு ஆட்டம் போயிற்று. திரும்பி வரும்போது, ஆண்டகளூர் கேட் தாண்டின பிறகு அக்கா ரோட்டைப் பார்த்தபடியே, ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பழகுறீங்க, அதுதான் கஷ்டம் என்றார். என் ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் போனேன். நடு அறையில் மாமனார் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயிச்சீங்களா சாமி என்று பொதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஓர் அமாவாசை. அண்ணன் வீட்டு முறை முடிந்து எங்கள் முறை. இரண்டு வீட்டிலும் படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டு, கையலம்பியாயிற்று. மாமனார் அங்கே சாப்பிட்டிருப்பார் என்று நான். இங்கே சாப்பிட்டிருப்பார் என்று ஓரகத்தி. அந்த மனுஷர் காலையில் எழுந்து ஒழுங்காக மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு வீட்டு வடை வாசனையையும் வாங்கிக்கொண்டு, அறையில் படுத்திருக்கிறார்.

காய்ந்த துணி எடுக்கப் போன ஓரகத்திதான் பார்த்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் பேச்சுக் குழறியது. எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் வெளியூரில். நான் ஷெட்டக்காவுக்குப் போன் பண்ணினேன். வேறு யாருக்காவது பண்ணியிருக்கலாம். அவர் பேர்தான் வந்தது. கேள்வி ஒன்றும் கேட்காமல் ஆம்னியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நாமக்கல் வரைக்கும் அக்கா வண்டியை ஓட்டியதை நான் பின்னால் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எதிரே வந்த லாரிகள் எல்லாம் ஒதுங்கின.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, மாத்திரை போட்டிருக்கிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ராசிபுரத்துக் கூட்டம் சிரித்தது காதில் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குளுக்கோஸ் இறங்கினதும் மாமனார் கண் விழித்தார். பொழுது சாய்வதற்குள் என் கணவரும் அவர் அண்ணனும் வந்துவிட்டார்கள். வார்டில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும். கால்மாட்டில் சுவரில் சாய்ந்துகொண்டு ஷெட்டக்கா, கையில் வண்டிச் சாவி. நர்ஸ் வந்து நாளைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். இனிமேல் நேரத்துக்குச் சாப்பாடு இல்லாமல் மாத்திரை கூடவே கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆளே தேறமாட்டார், பார்த்துக்கொள்கிற பொறுப்பை ஒருத்தர் எடுத்துக்கொள்ள வேண்டும், யார் என்று கேட்டார்.

என் கணவர், அண்ணன் என்ன சொல்றாரோ அப்படி என்றார். அண்ணன், தம்பிக்கு எப்படித் தோதோ பாத்துக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல என்றார். இருவரும் நல்லவர்கள். ஒருவர் பேச்சை ஒருவர் மீறாதவர்கள். மாமனார் இரண்டு மகன்களையும் பார்த்துவிட்டு, நான் எங்கயாச்சும் இருந்துக்கறேன் சாமி என்றார்.

நான் ஷெட்டக்காவைப் பார்த்தேன். எந்தக் காரியத்துக்கும் முதலில் வாயைத் திறக்கிறவர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கோர்ட்டு, அவர் கூவ மாட்டார். பக்கத்தில் ஓரகத்தியின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எப்போது அவ்வளவு நெருங்கி நின்றோம் என்று தெரியவில்லை.

"என்னுது."

அது என் குரல்தான். புருஷனின் அண்ணனுக்கு முன்னால் அவ்வளவு சத்தமாக நான் அதுவரைக்கும் பேசினதில்லை. ஆனால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்ததற்கு என் குரல் மட்டும் காரணமில்லை. அதே நேரத்தில் அதே வார்த்தையை என் ஓரகத்தியும் கத்தியிருந்தார். கத்தினதோடு நிற்காமல், இரண்டு பேரும் ஒரே பக்கத்திலிருந்து மாமனாரின் கையைப் பிடிக்கப் போய், அவர் வளையலும் என் வளையலும் மோதி, என்னுடைய கண்ணாடி வளையல் உடைந்து தரையில் தெறித்தது. நர்ஸ் ஏங்க ஏங்க என்று சத்தம் போட்டார். அண்ணனும் தம்பியும் எங்களை முன்னப்பின்னே பார்த்திராதவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

"வளையல் துண்டு என்னுதுங்க" என்று சொல்லி ஷெட்டக்கா குனிந்து அதைப் பொறுக்கினார். பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கட்டிலுக்குக் கிட்டே போய் மாமனாரிடம் சொன்னார்.

"ரெண்டு பேட்டும் வந்துருச்சுங்கய்யா. இனி நீங்க கீழ உழ மாட்டீங்க."

அக்கா பேட் என்றது மாமனாருக்கு விளங்கியிருக்காது. அவர் என்னைப் பார்த்தார், ஓரகத்தியைப் பார்த்தார். எங்கள் இருவர் கையும் அவர் கையின் மேல்தான் இருந்தது. "பசிக்குது சாமி" என்றார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் வாயால் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.